திரும்ப வராத நிமிடத்துக்குக் கூலி

பெண்ணைப் பெற்றவர் முன்பணத்தோடு ஸ்டுடியோவுக்கு வரும்போது நான் எடுத்த படங்களை அதிகம் புரட்டுவதில்லை. மேசைமேல் இருக்கும் மாதிரி ஆல்பத்தில் நாலு பக்கம் திருப்புவார், மனைவியின் முகத்தைப் பார்ப்பார், பிறகு கேட்பார்: "ஒன்றும் விட்டுப்போகாதே தம்பி?"

கும்பகோணத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். பிலிம் போய் டிஜிட்டல் வந்தது. ஒட்டுகிற ஆல்பம் போய்ப் புத்தகம் போன்ற ஆல்பம் வந்தது. இந்தக் கேள்வி மட்டும் மாறவில்லை. "விட்டுப்போகாது ஐயா" என்று சொல்லி அந்தப் பணத்தைக் கையில் வாங்கும்போதே பொறுப்பு நம் தலையில் ஏறிவிடுகிறது. அழகாகப் படம் எடுப்பவர்கள் இன்று வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். மாப்பிள்ளையின் தம்பி கைப்பேசியில் எடுக்கும் படம் சில நேரம் நம் படத்தைவிட நன்றாகவே அமைந்துவிடும். ஆனால், அவர் எடுக்காமல் விட்டால் யாரும் அவரைக் கேட்கப் போவதில்லை. நம்மைக் கேட்பார்கள். கூலி அந்த வித்தியாசத்துக்குத்தான்.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிறவர்களுக்காக, நான் கற்றுக்கொண்டதையும் கடைப்பிடிப்பதையும் எழுதுகிறேன். பெரும்பாலும் கல்யாண வேலையைப் பற்றியே இருக்கும். சிறு நகரத்து ஸ்டுடியோவுக்குச் சோறு போடுவது அதுதான்.

நான் தொழில் பழகியது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு பழைய ஸ்டுடியோவில் டார்க் ரூம் உதவியாளாக. முதலாளியிடம் இரண்டு கேமராக்கள் இருந்தன. குரூப் போட்டோவுக்கு யாஷிகா 124ஜி; 120 என்ற அகலப் பிலிம் ரோலில் 12 சதுரப் படங்கள்தான் விழும். மற்ற எல்லாவற்றுக்கும் நிகான் எஃப்எம்2, ரோலுக்கு 36 படம். கல்யாணத்துக்கு எத்தனை ரோல் என்று முன்பே பேசி முடித்திருப்பார்கள். ஐந்து ரோல் என்றால் ஐந்துதான், ஆறாவதற்கு யார் காசு கொடுப்பது?

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்: முகூர்த்தத்துக்குக் கால் மணி நேரம் முன்பு ரோலை மாற்றிவிட வேண்டும். உள்ளே எட்டுப் படம் மிச்சமிருந்தாலும் சரி. எண் முப்பத்தைந்தில் நிற்கும் கேமராவோடு தாலி கட்டும் இடத்தில் நிற்கக் கூடாது. பிலிமைச் சுருட்டி எடுத்துப் புது ரோலை மாட்டுவதற்குப் பழகிய கைக்கே அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் மூன்று முடிச்சும் விழுந்து அட்சதையும் விழுந்து முடிந்திருக்கும். மிச்சமிருக்கும் எட்டை அவர் வீணாக்கவும் மாட்டார். சபையில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை வரிசையாக ஒவ்வொரு படம் எடுத்து ரோலை முடிப்பார். அந்தப் பெரியவர்களின் படங்களுக்கு என்ன மதிப்பு என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இன்று ரோல் கிடையாது, பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. முகூர்த்தத்துக்குக் கால் மணி நேரம் முன்பு, பேட்டரியில் பாதிக்கு மேல் இருந்தாலும் மாற்றிவிடுவேன். மெமரி கார்டு பாதி காலியாக இருந்தாலும் மாற்றிவிடுவேன். ஃபிளாஷில் புதிதாக நாலு செல் போடுவேன். இரண்டாவது கேமராவும் அதே அளவுகளில் தயாராகத் தோளில் தொங்கும். என்னுடன் வேலை பார்க்கும் தம்பிகளுக்கு முதலில் இது வீண் வேலையாகத் தெரியும். இரண்டு முகூர்த்த சீசன் போனால் சொல்லாமலே செய்ய ஆரம்பித்துவிடுவார்கள்.

டார்க் ரூமில் கற்ற இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்போது கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் 'இந்து' தாள் எங்களிடம் இருக்கும். டெவலப்பரில் முகம் எழுந்து வரும், ஹைப்போவில் நிலைக்கும். பிறகு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். இந்தக் கடைசி வேலையில்தான் எல்லோருக்கும் கை குறுகும். கோடையில் தெருக்குழாயில் தண்ணீர் வராத நாளிலும் முதலாளி அதைக் குறைக்க விடமாட்டார். ஹைப்போ தாளில் தங்கிவிட்டால் படம் அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆண்டுகள் போகப்போகப் பழுப்பேறி முகம் மங்கிவிடும். அப்போது யாரும் நம் வாசலில் வந்து சண்டை போட மாட்டார்கள். ஆனால், ஒரு குடும்பத்துக்கு அதன் தாத்தா முகம் இல்லாமல் போயிருக்கும். யாரும் கேட்க வராத தப்பையும் செய்யாமல் இருப்பதுதான் தொழில் என்று அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

இனி, தாலி கட்டும் நேரம்.

கெட்டிமேளம் கொட்டியதும் முன்வரிசை எழுந்துவிடும். அட்சதை தூவும் கைகள் குறுக்கே வரும். நாலு பக்கமும் கைப்பேசிகள் உயரும். மாப்பிள்ளை உயரமானவராக இருந்தால் அவருடைய முழங்கை பெண்ணின் முகத்தை மறைக்கும். மூன்றாம் முடிச்சுப் போட நாத்தனார் பின்னாலிருந்து குனிவார். இத்தனைக்கும் நடுவில் நமக்கு ஒரே சட்டத்துக்குள் வேண்டியவை மூன்று: தாலிச் சரடு, பெண்ணின் முகம், மாப்பிள்ளையின் முகம். நான் மணமக்களுக்கு நேர் எதிரே நிற்பதில்லை. பெண் உட்கார்ந்திருக்கும் பக்கமாக இரண்டடி விலகி, தரையில் முழங்காலிட்டுக்கொள்வேன். அந்த நேரத்தில் பெண் தலைகுனிந்திருப்பாள். நின்றபடி எடுத்தால் நெற்றிச்சுட்டியும் பூச்சரமும்தான் விழும். கீழிருந்து பார்த்தால் கண்ணும் உதடும் தெரியும், அவளைத் தாண்டி மாப்பிள்ளையின் முகமும் தெரியும். பின்னால் இருக்கும் சொந்தக்காரர்களுக்கும் நாம் மறைக்க மாட்டோம். பணம் கொடுத்து நம்மை அழைத்தவர்களே தங்கள் பெண்ணின் தாலிக்கட்டைப் பார்க்க முடியாமல் நம் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பது பெரிய அநியாயம்.

விடியற்காலையில் மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதலில் சாஸ்திரிகளைப் பார்த்து வணக்கம் சொல்வேன். "மாமா, மாங்கல்யத்தை எடுத்துக் கொடுக்கும்போது ஒரு கண்ஜாடை காட்டுங்கள்" என்று கேட்டுக்கொள்வேன். நாம் மரியாதையாகக் கேட்டால் அவர்கள் உதவாமல் இருந்ததே இல்லை. அடுத்து, பெண்ணின் தாய்மாமனைக் கண்டுபிடித்து, "முன்னால் கூட்டம் ஏறாமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று அவரிடம் ஒப்படைப்பேன். மண்டபத்தில் அவர் பேச்சுக்கு இருக்கும் மதிப்பு நம் சத்தத்துக்கு இல்லை.

கட்டிய தாலியை மறுபடி பிடித்துக் காட்டச் சொல்லும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. நான் அதை எந்தக் காலத்திலும் செய்ததில்லை, என்னிடம் இருப்பவர்களையும் செய்ய விட்டதில்லை. மாலையைச் சரிசெய்யச் சொல்லலாம், மோதிரத்தைக் காட்டச் சொல்லலாம். தாலியில் கை வைக்கச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. நம் வசதிக்காக அவர்களுடைய சடங்கை நாடகம் ஆக்கக் கூடாது.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் தடுமாறும் இடம் இது. பட்டு வேட்டியும் வெள்ளைச் சட்டையும் தங்க நகையும் சட்டத்தை நிறைத்திருக்கும்போது, கேமரா தானாகக் கணக்குப் போட்டால் படத்தை இருட்டாக்கும். வேட்டி நன்றாக இருக்கும், முகம் கறுத்துப்போகும். அதனால் மணவறையில் எப்போதும் கையால் அளவு வைப்பதே நல்லது. முகத்துக்கு வெளிச்சத்தை அளந்து, உதாரணமாக ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறன்) 800, எஃப் (லென்ஸ் திறப்பு) 5.6 என்று வைத்துவிட்டால், விளக்குகள் மாறாத வரை எண்களையும் மாற்ற வேண்டாம். ஷட்டர் வேகம் 1/100 நொடி என் வழக்கம். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. அதில் எரியும் விளக்குகள் பலவும் நொடிக்கு 100 முறை மங்கி எழும். கண்ணுக்கு இது தெரியாது. மலிவான எல்இடி அலங்காரத்துக்கு முன்னால் 1/500-இல் எடுத்துப் பாருங்கள், படத்தில் கோடு கோடாக நிழல் விழும். 1/100 அல்லது 1/50-இல் வைத்தால் ஒரு முழு ஏற்ற இறக்கமும் படத்துக்குள் வந்துவிடுவதால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

ஃபிளாஷை மேல்நோக்கித் திருப்பிக் கூரையில் அடித்து எடுப்பதற்கு முன் அண்ணாந்து பாருங்கள். வெள்ளைக் கூரையாக, எட்டும் உயரத்தில் இருந்தால் சரி. வீட்டு வாசலில் போட்ட பந்தலில் சிவப்புத் துணி கட்டியிருந்தால் சபை முழுவதும் சிவந்துபோகும். பச்சைத் துணியென்றால் எல்லோரும் நோயாளிகளாகத் தெரிவார்கள். அங்கே ஒரு தம்பி கையில் வெள்ளைக் குடையோடு விளக்கைப் பிடித்து நிற்பதே வழி.

எங்கள் பகுதியில் கோயில் கல்யாணம் அதிகம். திருநாகேசுவரம் உப்பிலியப்பன் கோயிலில் முகூர்த்த நாளில் கூட்டம் அலைமோதும். கல் மண்டபத்தில் வெளிச்சத்தைத் திருப்பித்தர எதுவுமில்லை, கருங்கல் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அதோடு அடுத்த ஜோடி பின்னால் காத்திருக்கும். முதல் நாளே போய்க் கோயில் அலுவலகத்தில் அனுமதி, கட்டணம், எந்த மண்டபம் வரை கேமரா செல்லலாம் என்பதை விசாரித்துவிட வேண்டும். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தமிழகக் கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்கச் சொன்னது. தடையைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் கோயிலில் நாம் எடுப்பதைத் தவிர வேறு படமே இருக்காது. அங்கே போகும்போது இரண்டு மடங்கு கவனம் தேவை.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "பெண்ணைக் கொஞ்சம் கலராகக் காட்டுங்கள்" என்று கேட்காத குடும்பம் குறைவு. கேட்பது அனேகமாக அத்தையோ பெரியம்மாவோ. நான் பணிவாக மறுத்துவிடுவேன். கறுத்த சருமத்தைக் கம்ப்யூட்டரில் வெளுக்கும்போது முகத்தின் மேடு பள்ளங்கள் செத்துப்போகின்றன, மஞ்சள் பூசிய பளபளப்பு போய்விடுகிறது, கைக்கும் முகத்துக்கும் பொருத்தமில்லாமல் ஆகிறது. அதற்குப் பதிலாகப் பெரிய, மென்மையான வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைத்து எடுக்கிறேன். கறுத்த சருமத்தில் வெளிச்சம் வழுக்கி ஓடுவதைப்போல அழகு வேறு எதிலும் இல்லை. படத்தைப் பார்த்த பிறகு வெளுக்கச் சொன்னவர்கள் அபூர்வம். பருவை எடுக்கலாம், அது அடுத்த வாரம் போய்விடும். நிறத்தையும் மச்சத்தையும் எடுக்கக் கூடாது. அவை அந்தப் பெண்ணுடையவை.

சடங்கு தெரியாமல் கல்யாணப் படம் எடுக்க முடியாது. அய்யர் வீட்டுக் கல்யாணத்தில் காசி யாத்திரை, மாலை மாற்றல், ஊஞ்சல் என்று வரிசையாகப் போகும். பெண் தகப்பனார் மடியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் மாங்கல்யதாரணம், ஆகவே அங்கே தகப்பனார் முகமும் படத்துக்குள் வர வேண்டும். கொங்குப் பக்கம் போனால், சடங்குகளை நடத்திவைக்கும் அருமைக்காரர் சொல்படி சீர்கள் நடக்கும். எதற்குப் பின் எது என்று அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தேவாலயத்தில் பீடத்துக்கு எவ்வளவு அருகில் போகலாம், ஃபிளாஷ் எப்போது கூடாது என்பதைப் பாதிரியார்தான் சொல்ல வேண்டும். நிக்காஹ் என்றால் பெண்கள் பகுதிக்குப் பெண் புகைப்படக்காரர் இல்லாமல் வேலையை ஏற்றுக்கொள்வதே தவறு. சம்மதம் கேட்கும் நேரத்தில் பெண்ணின் முகம் அந்தக் கல்யாணத்தின் உயிரான படம். அது இல்லாமல் ஆல்பம் வெறும் கூட்டத்தின் ஆல்பம்.

சுயமரியாதைத் திருமணம் தனி விதம். 1967-இல் அண்ணா ஆட்சியில் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தால் புரோகிதர் இல்லாத இந்தத் திருமணங்கள் சட்டப்படி செல்லுபடியாயின. உறுதிமொழி கூறி மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும், தாலி கட்டுவதும் கட்டாமல் இருப்பதும் அவர்கள் விருப்பம். நமக்குள்ள சிக்கல், மேளம் கொட்டி முன்னறிவிப்புத் தர மாட்டார்கள். தலைமை தாங்குகிறவர் பேச்சின் நடுவிலேயே "இப்போது மணமக்கள்" என்று சொல்லி மாலையை எடுத்துக் கொடுத்துவிடுவார். பேச்சு நீள்கிறதே என்று காபி குடிக்கப் போனால் கல்யாணம் முடிந்திருக்கும்.

நடந்துகொள்ளும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலை டிபனை முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட வேண்டும், பிறகு நேரம் கிடைக்காது. ஹோமகுண்டத்தைத் தாண்டக் கூடாது. பெரியவர்களைப் பெயர் சொல்லியோ விரல் சொடுக்கியோ கூப்பிடக் கூடாது. இரு வீட்டிலும் ஒவ்வொருவரைப் பிடித்து, யார் யார் முக்கியமான உறவு, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். பேசாத இரண்டு பங்காளிகளை "கொஞ்சம் நெருங்கி நில்லுங்கள்" என்று சொல்லிவிட்டால் மண்டபமே நிசப்தமாகிவிடும்.

இப்போது, முன்வரிசைப் பெரியவர்கள்.

யாராவது இறந்துபோனால் மாலை போட ஒரு படம் வேண்டும். வீட்டில் தேடுவார்கள். வாக்காளர் அட்டையில் இருப்பது யாருடைய முகம் என்றே தெரியாது. கடைசியில் ஏதோ ஒரு கல்யாண ஆல்பத்தோடு ஸ்டுடியோவுக்கு வருவார்கள். வருகிறவர் பெரும்பாலும் மருமகனாகவோ பேரனாகவோ இருப்பார். அழுது முடித்திருக்க மாட்டார், கையில் சாவுச் செலவுக் கணக்குச் சீட்டு இருக்கும், மாலைக்குள் படம் வேண்டும் என்பார். ஆல்பத்தில், இறந்துபோன அம்மாள் மணமக்களுக்குப் பின்னால் மூன்றாம் வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், பாதி முகத்தோடு நிற்பார். அந்தப் பாதி முகத்தைத்தான் பெரிதாக்க வேண்டும். 12க்கு 15 அங்குலப் படம் கூர்மையாக வர அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 3600க்கு 4500 புள்ளிகள் வேண்டும். தூர நின்று பார்க்கிற படத்துக்கு அதில் பாதி போதும். அந்தப் பாதிக்கும் குரூப் படத்தில் கடுகளவு இருக்கும் முகம் எட்டாது.

அந்த ஒரு காரணத்துக்காகவே ஒவ்வொரு கல்யாணத்திலும் அறுபது வயதைத் தாண்டிய எல்லோரையும் தனித்தனியாக ஒரு படம் எடுக்கச் சொல்கிறேன். மேடைக்குக் கூப்பிட வேண்டாம். உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே போய், பக்கத்தில் குனிந்து, "பாட்டி, உங்களை ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டால், புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த நிமிர்வு போதும். இதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை, ஆல்பத்திலும் பெரும்பாலும் சேராது. ஆனால், ஸ்டுடியோவின் சேமிப்பில் பெயரும் ஊரும் குறித்து வைத்திருப்போம். என் முதலாளி மிச்ச பிலிமில் செய்ததும் இதுதான்.

அண்மைக் காலமாகச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் சின்ன முகத்தைப் பெரிதாக்கித் தருகிறார்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். மென்பொருள், இல்லாத விவரத்தை ஊகித்து நிரப்புகிறது. இமை, பல்வரிசை, கன்னச் சுருக்கம் எல்லாம் வேறு யாருடையவையோ ஆகிவிடுகின்றன. வெளியில் அப்படிச் செய்த படம் ஒன்றோடு ஒரு பெண் எங்களிடம் வந்தார். மேசையில் வைத்துவிட்டு, "இது எங்கள் அம்மா இல்லை" என்றார். புள்ளி புள்ளியாக இருந்த பழைய படத்தை வாங்கி, கறையை மட்டும் நீக்கி, சிறிய அளவில் அச்சிட்டு அகலமான வெள்ளை ஓரத்தோடு சட்டம் போட்டுக் கொடுத்தோம். முகம் சின்னதாக இருந்தாலும் அது அவருடைய அம்மா. இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் நான் கண்டிப்பாக இருப்பது இதில்: புடவையின் கிழிசலைச் சரிசெய்யலாம், பின்னணியை மாற்றலாம், முகத்தில் இல்லாத எதையும் வரையக் கூடாது. மறைந்தவர் வந்து மறுத்துச் சொல்ல முடியாது.

எடுத்த படத்தைக் காப்பது எடுப்பதற்குச் சமமான வேலை. கல்யாண வேலைக்கு இரண்டு கார்டு போடும் கேமராவைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டிலும் ஒரே நேரத்தில் படம் பதிய வேண்டும். ஒரு கல்யாணம் முடிந்து திரும்பியபோது ஒரு கார்டைக் கம்ப்யூட்டர் அடையாளம் காணவே மறுத்தது. இரண்டாவது கார்டில் எல்லாம் இருந்தது. அந்தக் குடும்பத்துக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. மண்டபத்திலிருந்து கிளம்பும்போது கார்டுகள் கேமராப் பையில் போகக் கூடாது, சட்டைப் பையில் பொத்தான் போட்டு வர வேண்டும். பை திருடுபோனால் கேமராவை மறுபடி வாங்கலாம். அன்றிரவு தூங்குவதற்கு முன் மூன்று பிரதி: இரண்டு தனித்தனி டிஸ்க்கில், அவற்றில் ஒன்று ஸ்டுடியோவிலும் ஒன்று வீட்டிலும், மூன்றாவது இணையச் சேமிப்பில். ஆல்பம் கைமாறும்வரை கார்டை அழிக்கக் கூடாது.

பழைய நெகட்டிவ்களையும் தூக்கிப் போடாதீர்கள். ஸ்டுடியோக்கள் மூடப்பட்டபோது கண்ணாடி நெகட்டிவ்களும் பிலிம்களும் எடைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். நூறாண்டுத் தமிழ்க் குடும்பங்களின் முகங்கள் அவற்றில் இருந்தன. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடி டிஜிட்டலாக்கிச் சேமித்திருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படாமல் போனவை எவ்வளவோ.

பணம். வெட்கப்படாமல் பேச வேண்டிய விஷயம். ஆடியிலும் புரட்டாசியிலும் மார்கழியிலும் கல்யாணம் அனேகமாக இருக்காது. மீதி மாதங்களிலும் வளர்பிறை முகூர்த்தத்துக்குத்தான் கேட்பார்கள். ஒரே நாளில் ஐந்து பேர் கேட்பார்கள், பிறகு மூன்று வாரம் யாரும் கேட்க மாட்டார்கள். வைகாசியில் வந்த பணத்தை ஆடிக்கும் சேர்த்துப் பிரித்து வைக்கத் தெரியாதவர்கள்தான் ஆடியில் லென்ஸை அடகு வைக்கிறார்கள்.

கூலி நிர்ணயிக்கும்போது பக்கத்து ஸ்டுடியோ என்ன வாங்குகிறது என்று பார்க்காதீர்கள். உங்கள் செலவைப் பாருங்கள். ஒரு நடுத்தரக் கேமராவின் ஷட்டர் சுமார் 1,50,000 படங்களுக்கு என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுவார்கள். இரண்டு நாள் கல்யாணத்தில் 3,000 படம் எடுத்தால், 50 கல்யாணத்தில் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். அப்படியானால் கேமரா விலையில் ஐம்பதில் ஒரு பங்கு ஒவ்வொரு கல்யாணத்தின் செலவிலும் ஏற வேண்டும். உதவியாளர் சம்பளம், வண்டி, ஆல்பம் அச்சு, படம் தேர்ந்தெடுத்துத் திருத்தும் நாட்கள் எல்லாம் அதற்குமேல். இரண்டு நாள் வேலை என்று குடும்பத்தார் நினைப்பார்கள். பின்னால் ஒரு வாரத்துக்கு மேல் உட்கார வேண்டியிருக்கும் என்பதை நாம்தான் பேசும்போதே சொல்ல வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அந்த 18 சதவிகிதத்தையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கடைசியில் சொன்னால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

தொகையில் மூன்றில் ஒரு பங்கு நாள் குறிக்கும்போது, அடுத்தது முகூர்த்தத்துக்கு முதல் நாள், மீதி ஆல்பத்தை அச்சுக்கு அனுப்பும் முன். இந்த வரிசையை எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒரு குடும்பம் மீதிப் பணத்தைத் தராமலே ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது. ஆல்பம் எங்கள் அலமாரியிலேயே கிடந்தது. மண்டபத்துக்கும் சமையலுக்கும் எல்லோரும் முன்னால் கொடுத்துவிடுகிறார்கள். நமக்கு மட்டும் ஏன் கடைசியில்? கேட்காததால்தான்.

கையெழுத்திடும் அந்தத் தாளில் உரிமையையும் எழுதுங்கள். எடுத்தவருக்கே படம் சொந்தம் என்று தொழிலில் பலர் நம்புகிறார்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு வேறு மாதிரி சொல்கிறது: ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அதாவது கல்யாணப் படம் அந்தக் குடும்பத்துடையது. விளம்பரத்துக்காக உங்கள் இணையப் பக்கத்தில் போட வேண்டுமானால் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். என்னைக் கேட்டால் சட்டம் சொல்லாவிட்டாலும் அதுதான் நியாயம். மஞ்சள் நீராட்டு விழாப் படங்களை அனுமதி இருந்தாலும் போடக் கூடாது. பெற்றோர் பெருமையில் சரி என்பார்கள், அந்தச் சிறுமியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் அவள்தான் தலைகுனிவாள். அந்த விழாவில் அவள் கூச்சப்படுவது தெரிந்தால் கேமராவைத் தாழ்த்திவிட்டுப் பெண் உதவியாளரிடம் கொடுத்துவிடுவதே எங்கள் வழக்கம்.

தொழில் பழக விரும்புகிறவர்கள் முகூர்த்தக் காலத்தில் வராதீர்கள், எங்களுக்குப் பேசக்கூட நேரம் இருக்காது. ஆடி பிறந்ததும் வாருங்கள். சொந்தக் கேமரா தேவையில்லை, ஸ்டுடியோவில் இருப்பதில் பழகிக்கொள்ளலாம். முதல் சில வாரம் விளக்குப் பிடிப்பதும் கார்டு பிரதி எடுப்பதும் பெரியவர்களிடம் பெயரும் ஊரும் கேட்டு நோட்டில் எழுதுவதும்தான் வேலை. பெண்கள் வந்தால் மிகவும் மகிழ்வேன். எங்கள் பகுதியில் பெண் புகைப்படக்காரர் வேண்டும் என்று கேட்கும் குடும்பங்கள் பெருகிவிட்டன, ஆள்தான் போதவில்லை. ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் மணவறை ஓரத்தில் இரண்டாவது கேமராவோடு உட்காரும் அளவுக்குக் கற்றுக்கொடுத்துவிடலாம்.